இடைவேளையில் ஒரு பட்டப்படிப்பு

நாற்பத்துமூன்று வயதில் எதற்காகக் கணிதப் பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டு சேர்ந்தாய் என்று கேட்பவர்களுக்கு அவள் பெரிய பதில் எதையும் சொன்னதில்லை. "நடுவுல நேரம் இருந்துச்சு" என்பாள். அடக்கத்துக்காக அப்படிச் சொல்கிறாள் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் விஷயம் அவ்வளவுதான்.

அவள் நகரப் பேருந்து ஓட்டுபவள். இருபது வயதில் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட தொழில். பெரிய வண்டியை ஒரு குறுகலான முனையில் எதன்மீதும் உரசாமல் திருப்பி எடுக்கும்போது உண்டாகும் திருப்தி இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அவளுக்குக் குறையவில்லை. பள்ளியில் கணக்கு நன்றாக வந்தது. மேலே படிக்கச் சொன்னார்கள். அவளுக்கு ஸ்டீயரிங் மேல்தான் கண். அதில் வருத்தம் கிடையாது. "பாவம், படிக்க முடியாமப் போச்சே" என்று யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளைப் பல்கலைக்கழக வழித்தடத்தில் போட்டார்கள். காலையிலும் மாலையிலும் மூச்சு முட்டும் கூட்டம், நடுவில் ஈயோட்டும் தடம் அது. அதனால் ஓட்டுநரின் வேலையும் இரண்டாக உடையும். காலைக் கூட்டத்தை ஏற்றி இறக்கிவிட்டு வண்டியை டிப்போவில் விட வேண்டும். மாலைக் கூட்டம் தொடங்கும்போது மறுபடி எடுக்க வேண்டும். டிப்போவில் இதற்கு 'ரெண்டு துண்டு' என்று பெயர். யாருக்கும் பிடிக்காத ஷிஃப்ட். நடுவில் வீட்டுக்குப் போய்வரலாம் என்றால், போய்ச் சேர்வதற்குள் திரும்பிக் கிளம்பும் நேரம் வந்துவிடும். ஆகவே டிப்போ ஓய்வறைதான் கதி. அங்கே ஸ்பிரிங் செத்துப்போன இரண்டு சோபாக்கள், மூடி காணாமல்போன ஒரு கெட்டில், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ரிமோட்டுடன் ஒரு டிவி. சிலர் சீட்டாடுவார்கள். சிலர் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார்கள். முதல் வருடம் அவளும் சீட்டாடினாள். எல்லோருமே கள்ளாட்டம் ஆடுகிறார்கள் என்று தெரிந்ததும் அலுத்துப்போயிற்று.

ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் இரண்டு மாணவர்கள் வழக்கமாக உட்காருவார்கள். ஒரு திங்கட்கிழமை அவர்களுக்குள் சண்டை. பூஜ்யம் புள்ளி ஒன்பது ஒன்பது ஒன்பது என்று முடிவே இல்லாமல் ஒன்பதாகப் போட்டுக்கொண்டே போனால், அது ஒன்றுக்குச் சமமா, ஒன்றைவிடக் குறைவா? சமம்தான் என்றான் ஒருவன். துளியூண்டாவது குறையாதா என்றான் மற்றவன். செவ்வாய்க்கிழமையும் அதே சண்டை. புதன்கிழமை சிவப்பு விளக்கில் நின்றபோது அவள் தன்னையறியாமல் குறையும் என்றவன் கட்சிக்குப் போயிருந்தாள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரன், "சரிடா, எவ்வளவு குறையுதுன்னு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டான். அவள் கட்சிக்காரனிடம் பதில் இல்லை. அவளிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஏறியவர்கள் கால்பந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பி, ஏன் தம்பி அந்த ஒன்பது என்னாயிற்று என்று கேட்க அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது என்ற பலகை அவள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் இடைவேளையில் அவள் சீருடையோடு பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடந்து போனாள். சேர்க்கைப் பிரிவில் இருந்த எழுத்தர், மாணவர்கள் பேருந்து இருக்கையைக் கிழித்ததாகப் புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு மாடிக்குப் போக வேண்டும் என்றார். அவள் அதற்கு வரவில்லை, கணக்குப் படிப்பில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தேன் என்றாள்.

"யாருக்கு? பையனுக்கா, பொண்ணுக்கா?"

"எனக்குத்தான்."

எழுத்தர் ஒருமுறை அவள் தோள்பட்டையில் இருந்த போக்குவரத்துச் சின்னத்தைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் விவரம் சொன்னார். பள்ளி மதிப்பெண் மிகப் பழையதாகிவிட்டதால் ஒரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் முன்னால் முதலாம் ஆண்டு வகுப்பு அட்டவணையைக் கேட்டாள். அதை வாங்கி அங்கேயே நின்று பார்த்தாள். காலையில் அவள் வண்டியை விட்ட பிறகு முதல் வகுப்பு தொடங்கி, மாலையில் வண்டியை எடுக்கும் முன்னால் கடைசி வகுப்பு முடிந்தது. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருந்தது.

வீட்டில் சொன்னாள். அவள் கணவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். ஊரில் உள்ள பெட்டிகளையெல்லாம் சரிசெய்துவிட்டு வருபவனின் வீட்டுப் பெட்டி மட்டும் நின்ற இடத்திலேயே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கும். அதன் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தித்தான் அந்த வீட்டுச் சமையலறையில் யாரும் எதையும் அறிவிக்க முடியும்.

"படிச்சு முடிச்சிட்டு என்ன பண்ணப் போற?" என்று கேட்டான் கணவன்.

"பஸ் ஓட்டப் போறேன்."

"இப்பவும் அதைத்தானே பண்ற?"

"ஆமா."

மறுப்பதற்கு அவனுக்குப் பிடி எதுவும் அகப்படவில்லை. சரி என்று தட்டைக் கழுவப் போய்விட்டான். பள்ளிக் கடைசி வருடத்தில் இருந்த மகள்தான் கவலைப்பட்டாள். அடுத்த வருடம் அவளும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடும். "அப்ப நீ எனக்கு சீனியரா? கேன்டீன்ல என்னைப் பார்த்தா கூப்பிட மாட்டியே?" என்று பல தடவை கேட்டு உறுதி வாங்கிக்கொண்டாள். ஆனால் தன் கணக்குப் புத்தகங்களை வாரத்துக்கு ஒன்றாக அம்மாவின் பைக்குள் வைத்தவளும் அவள்தான். ஓய்வறையில் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு அம்மா படித்தபோது, மகளுக்குச் சொல்லிக்கொடுக்க என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்தாள். டிப்போவின் வாய் அகலம். தேர்வில் தவறினால் ஓய்வு பெறும்வரை சொல்லிக் காட்டுவார்கள்.

தேர்வில் தவறவில்லை. இடம் கிடைத்தது.

முதல் நாள் காலைக் கூட்டத்தை இறக்கிவிட்டு, டிப்போவில் வண்டியை நிறுத்தி, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வகுப்புக்குப் போனாள். உடை மாற்ற நேரமில்லை. படிப்படியாக உயர்ந்துகொண்டே போகும் பெரிய கூடம் அது. கதவைத் திறந்து அவள் உள்ளே நின்றதும் பேச்சு அடங்கியது. பாதிப்பேர் அவளுடைய பயணிகள். நான்காவது வரிசையில் இருந்த ஒரு பெண் முகம் மலர எழுந்தாள்.

"அக்கா, என் குடை கிடைச்சிருச்சா?"

வண்டியில் தொலைந்துபோன பொருளைக் கொடுக்க ஓட்டுநரே தேடி வந்திருக்கிறார் என்று அந்தப் பெண் நினைத்துவிட்டாள். இன்னொரு பையன், தன் நீல நிறத் தண்ணீர்ப் புட்டியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னான். அவள் எதையும் கொண்டுவரவில்லை என்று கையை விரித்துக் காட்டினாள். பிறகு படியேறிப் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல்வரை சிவந்து மன்னிப்புக் கேட்டாள். குடை நிஜமாகவே டிப்போ அலமாரியில்தான் இருக்கும், நாளைக்கு எடுத்து வருகிறேன் என்று அவள் சமாதானம் சொன்னாள். அன்றிலிருந்து வகுப்பில் அந்தப் பெண்ணுக்குக் 'குடை' என்றும், அவளுக்கு 'டிரைவர் அக்கா' என்றும் பெயர் நிலைத்துவிட்டது.

பாடம் நடத்தியவர் ஒரு பெண். முப்பது வயது சொல்லலாம், சிறிய உருவம். கரும்பலகையின் மேற்பகுதிக்கு எழும்பி எழும்பி எழுதுவார். அவர் முதல் வாரம் நடத்தியதைக் கேட்டு டிரைவர் அக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. கணக்கு என்றால் எண்கள் இருக்கும் என்று நம்பி வந்திருந்தாள். இங்கே எண்களே இல்லை. எல்லாம் எழுத்து. போதாக்குறைக்குத் தலைகீழாக நிற்கும் எழுத்துகள், கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பி நிற்கும் எழுத்துகள். விடை கண்டுபிடி என்று யாரும் கேட்கவில்லை. விடையை அவர்களே சொல்லிவிட்டு, இது ஏன் சரி என்று காட்டு என்றார்கள். வீட்டுக்கு வந்தவளிடம் கணவன் இன்றைக்கு என்ன கணக்குப் போட்டீர்கள் என்று ஆவலாகக் கேட்டான். கணக்கு எதுவும் போடவில்லை, பூஜ்யம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று நிரூபித்தோம் என்றாள். இதற்கு முன்னால் எத்தனை இருப்பதாக நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்டான்.

எல்லை என்ற பாடம் வந்தது. வரிசையாகப் போகும் எண்கள் ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போவதைப் பற்றியது. வகுப்பில் பிள்ளைகள், உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு அக்கா, பஸ் ஸ்டாப்பை நெருங்குவது மாதிரிதானே என்றார்கள். அவளும் அதை நம்பித் தன் பேருந்தைக் கொண்டுபோய் எல்லாக் கணக்கிலும் நிறுத்திப் பார்த்தாள். இரண்டு வாரம் ஒரு கணக்கும் வழிக்கு வரவில்லை. கடைசியில் விரிவுரையாளரிடமே போய்க் கேட்டாள். அவர் அவள் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, பேருந்தை டிப்போவிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னார். உவமையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம், வரையறையில் ஒவ்வொரு சொல்லும் என்ன சொல்கிறது, எந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருகிறது என்று மட்டும் பாருங்கள் என்றார். அவளுக்கு அது ஒரு பெரிய விடுதலையாக இருந்தது. எல்லோரும் அவள் எதைச் செய்தாலும் அதில் பேருந்தைத் தேடினார்கள். இந்த அம்மாள்தான் வேண்டாம் என்றார்.

இருந்தாலும் முதல் தேர்வில் நாற்பதுக்கு ஒன்பது வாங்கினாள்.

குடைக்கு முப்பத்தைந்து. குடை அதைப் புத்தகத்துக்குள் மறைத்துக்கொண்டு, கேள்வித்தாள் மோசம் என்று வாய் கூசாமல் சொன்னாள். டிரைவர் அக்கா அன்று மாலை வண்டியை விட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போனாள். வீட்டில் விடைத்தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். இந்த வீட்டில் மதிப்பெண்ணை மறைக்கக் கூடாது என்று மகளுக்குச் சட்டம் போட்டவள் அவளே.

மகள் தாளை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினாள். மூக்குக் கண்ணாடி இல்லாமலே மூக்குக் கண்ணாடியை இறக்குவது போலப் பாவனை செய்தாள். பிறகு அசல் அம்மாவின் குரலில், "படிச்சியா, இல்ல புத்தகத்தைத் திறந்து வெச்சிக்கிட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருந்தியா?" என்றாள்.

கணவனுக்குப் புரையேறிவிட்டது. டிரைவர் அக்கா முறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. மூவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அந்த ஒன்பது முன்பு இருந்த அளவுக்குச் சின்னதாகத் தெரியவில்லை. மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்வியாக அம்மா எங்கே கோட்டை விட்டாள் என்று பார்க்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை. ஆனால் பல இடங்களில் அம்மா ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிந்தது. "உன் மனசுல இருக்கிறதை எழுதாம விட்டுட்டியேம்மா. திருத்துறவங்க உன் மனசுக்குள்ள வந்தா பார்ப்பாங்க?" என்றாள்.

அதுதான் நோய். குடைக்கும் வேறு வடிவத்தில் அதே நோய் இருந்தது: விடை பளிச்சென்று தெரிந்துவிடும், எப்படி என்று சொல்ல வராது. அதன்பின் இருவரும் கேன்டீனுக்குப் பின்னால், துவைத்த மேசைத்துணிகள் காயும் வெளியில், ஒரு நீண்ட பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும், மற்றவள் ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்று கேட்க வேண்டும். ஏன் என்று கேட்பதில் டிரைவர் அக்காவை மிஞ்ச ஆளில்லை. பதினேழு வருடங்களாக ஒரு மகளை வளர்த்திருக்கிறாள். குடை சிலசமயம் பொறுமை இழந்து, "அக்கா, அது தெரிஞ்ச விஷயம்தானே" என்பாள். "எனக்குத் தெரியாதே" என்பாள் அக்கா. உண்மையிலேயே தெரியாது. அதனால்தான் அந்த விளையாட்டு நன்றாக நடந்தது.

பயிற்சி வகுப்பில் ஒருநாள் விரிவுரையாளர் அவளைப் பலகைக்குக் கூப்பிட்டார். எண்களின் ஒரு வரிசை இரண்டு வெவ்வேறு எண்களை எல்லையாகக் கொண்டிருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டும். அவள் சாக்பீஸை எடுத்தாள். இரண்டு எல்லைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம் என்று எழுதினாள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. முதுகுக்குப் பின்னால் முப்பது பேர். நெரிசல் சாலையில் நூறு வண்டிகள் ஹாரன் அடித்தாலும் அசையாதவள் அந்த அமைதியில் சாக்பீஸை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

"மேடம், இதுக்கு மேல எனக்குத் தெரியலை" என்றாள்.

"நல்லது. எது தெரியலைன்னு சொல்ல முடியுமா?"

அவள் பலகையைப் பார்த்தாள். "வரிசை ரெண்டு பக்கமும் நெருங்கணும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல இருக்க முடியாதுன்னு காட்டணும். எவ்வளவு நெருக்கம்னு ஒண்ணை நான் முடிவு பண்ணணும். எவ்வளவுன்னுதான் தெரியலை."

கூடத்தில் ஒரு அசைவு. "பாதி" என்றாள் குடை. பிறகு தன் நோய் நினைவுக்கு வந்து எழுந்து நின்று, இடைவெளியில் பாதியை எடுத்துக்கொண்டால் இரண்டு பக்கத்து வட்டாரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, ஒரே எண் இரண்டிலும் இருக்க வழியில்லை என்று 'ஏன்' என்பதோடு சேர்த்துச் சொன்னாள். தண்ணீர்ப் புட்டியைத் தொலைத்த பையன் கடைசி வரியைச் சொன்னான். டிரைவர் அக்கா எழுதி முடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தாள். பலகையில் ஓட்டை எதுவும் இல்லை. தெரியவில்லை என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான் என்று விரிவுரையாளர் பொதுவாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். இடத்துக்குத் திரும்பியவளுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

முடிவில்லாத ஒன்பதுகளின் விவகாரம் அதற்குச் சில வாரங்கள் கழித்துத் தீர்ந்தது. விரிவுரையாளர் அதை ஒரு எடுத்துக்காட்டாகப் பலகையின் ஓரத்தில் எழுதி, சமம்தான் என்று காட்டி, தேநீர் ஆறுவதற்குள் அழித்தும் விட்டார். இரண்டு எண்கள் வேறு வேறு என்றால் நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இங்கே எந்த இடைவெளியைச் சொன்னாலும் அதைவிடக் குறைவு என்று காட்டிவிடலாம். ஆகவே இடைவெளி இல்லை. டிரைவர் அக்கா தன் கட்சி தோற்றுப்போனதை எந்த மனத்தாங்கலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டாள். இத்தனை நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்ததற்கு இவ்வளவு சுருக்கமாகவா முடிய வேண்டும் என்றுதான் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

இரண்டாம் பருவம் தொடங்கிய சமயத்தில் டிப்போவில் ஒரு நல்லது நடந்தது. அந்த நல்லதுதான் அவளுக்கு வந்த பெரிய சோதனை.

ஷிஃப்ட் போடும் மேற்பார்வையாளர் அவள்மீது மரியாதை உள்ளவர். இரண்டு வருடமாக முகம் சுளிக்காமல் ரெண்டு துண்டு ஓட்டியவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கிறது. அவளிடம் சொல்லாமலே மேலிடத்தில் பேசி, விடியலில் எடுத்து மதியத்தில் முடியும் நேர் ஷிஃப்டில் அவள் பெயரை ஏற்றிவிட்டார். டிப்போவில் எல்லோரும் தவம் கிடக்கும் ஷிஃப்ட் அது. அறிவிப்புப் பலகையில் அவள் பெயரைப் பார்த்ததும் கைகொடுக்கக் கூட்டம் கூடிவிட்டது. மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று, பிறந்தநாள் பரிசைப் பிரிப்பவரைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஷிஃப்ட் நேரத்தை மறுபடி படித்துப் பார்த்தாள். மதியம் வரை வண்டி ஓட்டினால் வகுப்புகள் அத்தனையும் போய்விடும்.

அன்று முழுக்க யோசித்தாள். விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். வீட்டில் மதியத்திலிருந்து இருக்கலாம். மகளின் பரீட்சை நேரம். கணவனிடம் சொன்னாள். எது உனக்கு அலுத்துவிட்டது என்று அவன் கேட்டான். பேருந்தும் அலுக்கவில்லை, படிப்பும் அலுக்கவில்லை என்றாள். அப்படியென்றால் இதில் என்ன குழப்பம், போய்க் கேள் என்றான். அவரே ஆசையாகச் செய்ததை எப்படி வேண்டாம் என்பது என்று அவள் தயங்கினாள்.

மறுநாள் அவருடைய கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: ஒன்பதுகள், நுழைவுத் தேர்வு, நாற்பதுக்கு ஒன்பது, பெஞ்ச். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படிக்கிறேன் என்று இவ்வளவு நாள் சொன்னது பொய் என்றும் சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வேலைக்கு வந்து இத்தனை வருஷத்துல ரெண்டு துண்டை வேணாம்னு அழுதவங்களைத்தான் பார்த்திருக்கேன். அதையே வேணும்னு கேட்டு வந்த முதல் ஆள் நீங்கதான்மா" என்றார்.

"கோவமா சார்?"

"கோவம் இல்ல. கொஞ்சம் வருத்தம். உங்களுக்கு நல்லது பண்றோம்னு நினைச்சு ரெண்டு வாரம் சந்தோஷமா இருந்தேன்."

"அந்த நல்லதை வேற ஒருத்தருக்குப் பண்ணுங்க சார். வீட்டுல சின்னக் குழந்தை வெச்சிக்கிட்டு ஒருத்தர் சோபாவுல தூங்கி வழியறாரு."

அவள் யாரைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. புதிதாக அப்பாவாகியிருந்த அந்த ஓட்டுநரின் பெயரை எழுதி, அவள் பெயரை அடித்தார். கிளம்பும்போது, இன்னும் எத்தனை வருடம் இப்படி என்று கேட்டார். அடுத்த வருட அட்டவணை வந்தால்தான் தெரியும் என்று அவள் சொன்னதற்குத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ரகசியம் அன்று மாலைக்குள் டிப்போ முழுக்கப் பரவிவிட்டது. 'புரொஃபசர்' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சீட்டாட்டத்தில் கள்ளத்தனம் நடந்தால் கணக்குப் போட்டுச் சொல்லச் சொன்னார்கள். அதற்குக் கணக்குத் தேவையில்லை, கண் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டாள். புதிய அப்பா மட்டும் ஒன்றும் கிண்டல் செய்யாமல், பல்கலைக்கழகத்துக்குப் போகும் குறுக்குவழி ஒன்று டிப்போவின் பின்கேட் வழியாக உண்டு என்று காட்டிக்கொடுத்தார். அதன்பின் வகுப்புக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. உடை மாற்றவும் நேரம் கிடைத்தது. ஆனால் அவள் சீருடையிலேயேதான் போனாள். பழகிவிட்டது.

ஆண்டுத் தேர்வில் மூன்று பாடங்கள் தேறின. இயற்கணிதம் மயிரிழையில் தவறியது. விடுமுறையில் மறுதேர்வு எழுதி அதையும் தாண்டினாள். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. குடை வகுப்பில் முதலாவதாக வந்தாள், தவறாமல் எல்லா 'ஏன்'களையும் எழுதியிருந்தாள். மகள் கடைசியில் கணிதமும் வேண்டாம், அந்தப் பல்கலைக்கழகமும் வேண்டாம் என்று செவிலியர் படிப்புக்குச் சேர்ந்தாள். ஆகவே கேன்டீன் ஆபத்து தானாக விலகியது. கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று பின்னால் ஒருநாள் அவளே அம்மாவிடம் ஒப்புக்கொண்டாள்.

மறுதேர்வு முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கணவன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். ஒரு வருடமாக என்னதான் படிக்கிறாய், எனக்குப் புரிகிற மாதிரி ஒன்றே ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல் பார்ப்போம் என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அவள் எதைச் சொல்வதென்று யோசித்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் சரியாக வகுபடாத எண்கள் உண்டு, இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு மாதிரி, அவற்றுக்குப் பகா எண்கள் என்று பெயர், அவற்றுக்கு முடிவே கிடையாது என்றாள். அது எப்படித் தெரியும், யார் போய் எண்ணிப் பார்த்தார்கள் என்றான் அவன். எண்ண வேண்டாம். முடிவு உண்டு என்றே வைத்துக்கொள்வோம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதியாகிவிட்டது. இப்போது அத்தனையையும் ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கூட்டு. வருகிற எண்ணை அந்தத் தாளில் உள்ள எதால் வகுத்தாலும் ஒன்று மீதி நிற்கும். அவன் கத்தியை வைத்துவிட்டான். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டிப் பார்த்துக்கொண்டான்.

"அப்ப அந்தப் புது நம்பரே பகா எண்ணா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லைன்னா அதை வகுக்கிற பகா எண் ஒண்ணு இருக்கணும்ல? அது அந்தத் தாள்ல இல்லை. எப்படிப் பார்த்தாலும் ஒண்ணை விட்டுட்டோம்."

அவன் வாயை அசைத்து மனதுக்குள் முதலிலிருந்து ஒருமுறை போய் வந்தான். நடுவில் ஓரிடத்தில் நின்றான். அவள் உதவி செய்யாமல் காத்திருந்தாள். பிறகு அவன் முகம் தெளிந்தது.

"அவ்வளவுதானா?" என்றான்.

"அவ்வளவுதான்."

அவன் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தான். இன்னொன்று சொல்லச் சொன்னான். அவள் மீதி வெங்காயத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.